கண்கட்டு நெறிமுறை

"கண் தெரியாதவர் ஒரே ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து இந்த நாற்காலியில உட்கார வைங்க சார். எனக்கு வேற எதுவும் வேணாம்."

கூட்ட அறையில் எல்லோர் முன்னாலும் நான் இதைச் சொன்னேன். பிரிவுத் தலைவர் சுரேகா மேடம் பேனாவைக் கீழே வைத்தார். நான் வேலையில் சேர்ந்த அன்றே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "மோகனப்பிரியா, இங்க நீ லீவு கேக்கலாம். நல்ல சேர் கேக்கலாம். சம்பளம் லேட்டானா அதைக்கூட மெதுவா கேக்கலாம். ஆனா சோதனைக்கு நிஜமான ஆள் வேணும்னு மட்டும் வாயைத் திறந்துடாத. சார் மனசு ஒடைஞ்சிடும்."

இப்போது உடைந்துவிட்டது. இயக்குநர் பூங்காவனம் சார் என்னை ஒரு விபத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில், போல்ட்டு நட்டு கம்பெனிக்கும் அட்டைப்பெட்டி கோடவுனுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் சமவழி இணையச் சான்றகம். ஒரு இணையதளத்தை மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்த முடியுமா என்று சோதித்து, முடியும் என்றால் சான்று தருவது எங்கள் வேலை. முடியாது என்று இதுவரை எந்தத் தளத்தையும் சொன்னதில்லை. அதுவே எங்கள் தரத்துக்குச் சாட்சி என்று ஆண்டறிக்கையில் இருக்கிறது.

விஷயம் பெரிய ரகசியம் இல்லை. கண் தெரியாதவர்கள் கம்ப்யூட்டரைக் காதால் பயன்படுத்துவார்கள். திரையில் இருப்பதை ஒரு செயலி வாசித்துச் சொல்லும். தளத்தைக் கட்டியவர் ஒவ்வொரு படத்துக்கும் பட்டனுக்கும் உள்ளே ஒரு பெயர் எழுதி வைத்திருந்தால் அதை வாசிக்கும். எழுதாவிட்டால் "படம்", "பட்டன்" என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடும். இதற்கென்று ஒரு பரீட்சை உண்டு. சான்றகத்தில் அதை எழுதித் தேறியவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் வேறு இடங்களிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள். இயக்குநர் இதற்கு முன்பு கோழிப்பண்ணை மேம்பாட்டில் இருந்தார். அங்கேயும் எல்லாம் திருப்தியாகவே இருந்ததாகச் சொல்வார்.

அதனால் சான்றுகளில் போடும் டிஜிட்டல் கையெழுத்து என் பெயரில் இருக்கிறது. விரல் நீளத்துக்கு ஒரு பென் டிரைவ் மாதிரி இருக்கும், டோக்கன் என்பார்கள். அதைச் செருகி நான் ரகசிய எண்ணைப் போட்டால்தான் சான்று வெளியே வரும். ஒப்பந்த வேலைதான். ஆனாலும் சேக்காட்டில் எங்கள் தெரு முழுக்க நான் கவர்மென்ட்டில் கையெழுத்துப் போடுகிறவள் என்று அம்மா சொல்லி வைத்திருக்கிறார். எங்கள் குடும்பத்தில் இதற்கு முன்னால் கைநாட்டுதான் அதிகம் வைத்திருக்கிறார்கள்.

சான்றகத்தின் சோதனைக்குக் கண்கட்டு நெறிமுறை என்று பெயர். அதிகாரி ஒருவர் கண்ணைக் கருப்புத் துணியால் கட்டிக்கொண்டு தளத்தைப் பயன்படுத்த வேண்டும். துணியிலும் பதவி உண்டு. இயக்குநருக்கு வெல்வெட், பிரிவுத் தலைவருக்குச் சாட்டின், எங்களுக்குக் காட்டன். வெல்வெட்டில் சான்றகத்தின் முத்திரையைத் தங்க நூலில் தைத்திருந்தார்கள். கட்டினால் முத்திரை இரண்டு புருவத்துக்கும் நடுவில் வரும்.

கண்ணைக் கட்டிய பிறகு அதிகாரிக்கு ஒன்றும் தெரியாது அல்லவா? அதற்காக ஆபீஸ் உதவியாளர் தமிழரசு அண்ணன் பின்னால் நிற்பார். வலது தோளில் தட்டினால் மவுஸை வலப்பக்கம் நகர்த்த வேண்டும். இடது தோள் என்றால் இடப்பக்கம். சட்டைக் காலரை மெல்லத் தூக்கினால் மேலே, தோளை அமுக்கினால் கீழே. நடு முதுகில் ஒரு குத்து விட்டால் அழுத்த வேண்டும். இப்படியே விண்ணப்பத்தைக் கடைசிவரை நிரப்பிவிட்டு, துணியை அவிழ்த்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அருமை. எதுவுமே சிரமமாக இல்லை" என்பார்கள்.

முதல் முறை பார்த்தபோது, இது ஏதோ ஒத்திகை, உண்மையான சோதனை பிறகு வரும் என்று நினைத்தேன். தமிழரசு அண்ணனிடம் கேட்டேன்.

"இன்னா கேக்குற நீ? இதாம்மா மெயினு பிக்சரே," என்றார். "நான் தட்டி தட்டி பாஸ் பண்ண வெப்சைட்டு எவ்ளோ கீது தெர்யுமா? டைரக்டரு முதுவுல குத்துறதுக்கு சம்பளம் குடுக்குற ஆபீஸு ஊர்லயே இது ஒண்ணுதான்."

இந்த முறை எங்களிடம் வந்தது சிறுகடை ஒதுக்கீட்டுத் தளம். பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரை உள்ள பஸ் நிலையங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கும் கடைகளுக்கு அதில்தான் விண்ணப்பிக்க வேண்டும். சான்று கிடைத்த அன்றோடு காகித விண்ணப்பம் நிறுத்தப்படும். தளம்தான் எல்லோருக்கும் ஏற்றது என்று சான்று ஆகிவிட்டதே, பிறகு எதற்குக் காகிதம்? அதே காரணத்தால், விண்ணப்பத்தைப் பிறர் உதவியோடு நிரப்பினால் நிராகரிக்கப்படும். நிரப்பும்போது கேமரா பார்த்துக்கொண்டிருக்கும்.

நான் அந்தத் தளத்தைத் திறந்து வாசிக்கவிட்டுக் கேட்டேன். முகப்பில் ஒரே ஒரு படத்துக்கு மட்டும் விளக்கம் இருந்தது. அது எங்கள் இயக்குநரின் படம்; சான்றுக்கு வரும் எந்தத் தளத்திலும் அவர் படமும் பேச்சும் முதலில் ஏறிவிடும். "முழுக்கைச் சட்டை அணிந்து, மென்முறுவலுடன், தொலைநோக்குப் பார்வையோடு நிற்கும் எங்கள் வழிகாட்டி." புன்னகையா, முறுவலா, மென்முறுவலா என்று முடிவு செய்ய இரண்டு கூட்டம் நடந்தது எனக்குத் தெரியும், டீ நான்தான் சொன்னேன். சமர்ப்பிக்கும் பட்டனுக்குப் பெயர் இல்லை. போதாததற்கு, எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இயக்குநரின் வரவேற்புரை தானாக ஒலிக்கும். வாசிக்கும் செயலியின் குரல் அதற்கடியில் அமுங்கிப்போகும்.

அப்புறம் தளத்தில் போட்டிருந்த எங்கள் உதவி எண்ணுக்கு ஒரு போன் வந்தது. உதவி எண்ணும் நான்தான்.

"ஹலோ, வெப்சைட்டு ஆபீஸா? நான் பூந்தமல்லிலேர்ந்து ஷாகிதா பேசறேன். எனக்கு பொறந்ததுலேர்ந்து கண்ணு தெரியாது. பஸ் ஸ்டாண்டாண்ட தள்ளுவண்டில தண்ணி பாட்டிலு, பிஸ்கோத்து, சார்ஜர் வயரு வித்துகினு இருந்தேன். ரோடு அகலம் பண்றேன்னு வண்டியை தூக்கினு பூட்டாங்க. கடை குடுக்குறாங்கன்னு சொன்னாங்க. உங்க சைட்ட சும்மா பாக்கலாம்னு தொறந்தா யாரோ ஒரு ஆளு பேசிகினே கீறான், நிறுத்தவே மாட்றான். யாரும்மா அந்தாளு?"

"எங்க டைரக்டர்க்கா."

"அவர கொஞ்சம் உக்கார சொல்லேன். புண்ணியமா போவும்."

அந்த போனுக்கு மறுநாள்தான் கூட்டத்தில் நான் வாயைத் திறந்தது.

இயக்குநர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு பேசினார். "மோகனப்பிரியா, நீ சின்னப் பொண்ணு. பார்வையற்றவர்களோட கஷ்டம் எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறியா? வாராவாரம் கால் மணி நேரம் நான் அதை அனுபவிக்கிறேன். மீதி நேரத்துலதான் நிர்வாகம் பார்க்கிறேன். நிஜமாவே கண் தெரியாதவங்களைக் கூட்டிட்டு வந்தா என்ன ஆகும்? அவங்க பாவம், பிறந்ததுல இருந்தே பழகிட்டாங்க. சுமாரான தளத்தைக்கூட சமாளிச்சிடுவாங்க. நமக்குத்தான் திடீர்னு கண் தெரியாம போகுது. அதனால நம்ம சோதனைதான் கடுமையானது. இதை நீ யோசிச்சுப் பார்த்தியா?"

நான் யோசித்துப் பார்த்ததில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

"இன்னொண்ணு. ஆள் வந்தா கருத்து வரும். கருத்து வந்தா குறை வரும். குறை வந்தா அதைத் திருத்தணும். திருத்தினா, முன்னாடி தப்பா இருந்துதுன்னு ஆயிடும். ஒரு சான்றகம் இதை எப்படி அனுமதிக்கும்?"

"சார், அரை நாள் வேலை. பட்டனுக்கெல்லாம் பேரு போடணும், உங்க பேச்சை நிறுத்தணும்..."

"பேச்சை நிறுத்தணுமா?" என்றார் சுரேகா மேடம். என்னைக் காப்பாற்ற முடியாது என்பது அவர் குரலிலேயே தெரிந்தது.

ஆனால் இயக்குநர் பெருந்தன்மையானவர். ஒருவரை அழைக்கலாம், ஆனால் நெறிமுறைப்படி என்று சொன்னார். நான் ஷாகிதா அக்காவை அழைத்தேன்.

அக்கா தனியாகவே வந்தார். பூந்தமல்லியிலிருந்து பஸ், பிறகு ஷேர் ஆட்டோ, பிறகு வெள்ளைக் கம்பைத் தட்டிக்கொண்டு எஸ்டேட்டுக்குள். லாரிகளுக்கு நடுவில் அவ்வளவு தூரம் வந்தவரை எங்கள் வாசலில் நிறுத்தி, வருகைப் பதிவுக்காகக் கேமராவை நேராகப் பார்க்கச் சொன்னார்கள். "எங்க கீது அது?" என்று கேட்டுவிட்டு, சொன்ன பக்கம் திரும்பிப் பல்லைக் காட்டினார். பதிவு ஆகவில்லை. கண்ணை இன்னும் திறக்கச் சொல்லி இயந்திரம் கேட்டது.

நாற்காலியில் உட்கார்ந்ததும் சுரேகா மேடம் காட்டன் துணியை எடுத்து வந்தார்.

"இது இன்னாத்துக்கு?" என்றார் அக்கா, துணியைத் தடவிப் பார்த்து.

"கண் கட்டணும்மா. நெறிமுறை."

யாரும் சிரிக்கவில்லை. தமிழரசு அண்ணன்கூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "மேடம், அவங்களுக்கு..." என்று நான் ஆரம்பித்தேன்.

"கண் கட்டாத சோதனை செல்லாது," என்றார் இயக்குநர். "நாளைக்கு யாராவது கேள்வி கேட்டா?"

"உடு மோகனா," என்றார் ஷாகிதா அக்கா. "கட்டுங்க மேடம், நல்லா கட்டுங்க. என் இருட்டு உங்களுக்கு பத்தலன்னா மேல இன்னொண்ணும் கட்டுங்க."

மேடம் கட்டினார். பின்னலில் சிக்காமல், பக்குவமாகத்தான் கட்டினார்.

அக்கா விசைப்பலகையில் ஒரு விசையைத் தட்டித் தட்டிப் போனார். செயலி வாசித்தது. "படம். படம். முழுக்கைச் சட்டை அணிந்து, மென்முறுவலுடன், தொலைநோக்குப் பார்வையோடு..." இயக்குநர் லேசாகத் தலையை ஆட்டினார். "பட்டன். பட்டன். பட்டன்."

"எந்த பட்டன் எதுக்குன்னு சொல்லவே மாட்டேங்குதே," என்றார் அக்கா. "சட்டைல கூட தடவிப் பாத்தா ஓட்டையாச்சும் கெடைக்கும்."

ஏதோ ஒன்றை அழுத்தினார். புதிய பக்கம் திறந்தது. இயக்குநரின் குரல் முழங்கியது: "அன்பார்ந்த பயனாளிகளே, தடைகளற்ற இந்த இணைய உலகிற்கு..."

"இந்தாளு இன்னா, வூட்டுக்குள்ளயே வந்து மைக் புட்ச்சிகினு நிக்குறாரு," என்றார் அக்கா. அந்த ஆள் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். நான் சொல்லவில்லை.

பேச்சு முடியும்வரை காத்திருந்து, எப்படியோ தட்டுத்தடுமாறி முன்னேறினார். பெயர் போட்டார். முகவரி போட்டார். கடைசியில் செயலி சொன்னது: "நீங்கள் இயந்திரம் அல்ல, மனிதர் என்பதை நிரூபிக்கவும். கீழே உள்ள படத்தில் தெரியும் எழுத்துகளை உள்ளிடவும். படம்."

அக்கா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இத்த பாத்து சொன்னாதான் நான் மனுஷியா?"

"பாதுகாப்பு விதிம்மா," என்றார் இயக்குநர். "இயந்திரங்கள் கடைக்கு விண்ணப்பிச்சிடும்."

"மெஷினுக்கு எதுக்கு சார் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுல கடை?"

சுரேகா மேடம் கண் ஜாடை காட்டினார். தமிழரசு அண்ணன் தயங்கித் தயங்கி அக்காவின் பின்னால் போய் நின்று, கையைத் தூக்கி, தோளுக்கு மேலே காற்றில் நிறுத்தினார்.

"வாணாம் மேடம்," என்றார். "லேடீஸ்."

"யாருப்பா அது பின்னாடி?" என்றார் அக்கா.

"தட்டுறதுக்கு வந்தேங்க."

"இன்னாத்துக்கு தட்டணும்? நான் இன்னா கொயந்தையா, தூங்க வெக்கிறதுக்கு?"

நான் முறையை விளக்கினேன். வலது தோள், இடது தோள், காலர், முதுகு. அக்கா முழுக்கக் கேட்டார். கண்ணில் துணியோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவரைப் பார்க்க, ஏதோ தண்டனை வாசிக்கக் கேட்பவர் போல இருந்தது.

"அப்போ எங்க ஊட்டுக்கும் ஒருத்தர அனுப்புவீங்களா, தட்டுறதுக்கு?" என்று கேட்டார்.

இயக்குநர் முகம் மலர்ந்தது. "சுரேகா, குறிச்சுக்கோங்க. நல்ல யோசனை. மாவட்டந்தோறும் தட்டுநர் நியமனம். பயனாளியே கேட்டிருக்காங்க."

அறிக்கை மறுநாள் வந்தது. தளத்தில் குறை எதுவும் காணப்படவில்லை. பயனாளர் கண்கட்டு நெறிமுறையில் போதிய பயிற்சி இல்லாதவர். பார்வையற்றவர்களுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு கணினி இயக்கும் பயிற்சி முகாம் நடத்தலாம். முகாமில் இயக்குநர் தம் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்வார். சான்றளிப்பு விழா குறித்த நாளில் நடக்கும்.

அன்று சாயங்காலம் அக்காவுக்கு போன் செய்தேன். அறிக்கையில் இருந்ததைச் சொன்னேன். அதன் பிறகு அவர்தான் பேசினார்.

"காகிதம்னா எனக்கு ஒண்ணும் ரோதனை இல்ல மோகனா. அண்ணன் பையன் எழுதுவான், நான் சொல்லுவேன், கைநாட்டு வெப்பேன். போன தபா அப்டித்தான் எயுதினேன், லிஸ்ட்ல அடுத்தது நான்தான்னு சொன்னாங்க. இந்த தபா கண்டிப்பா வரும்னு கீறேன். அதுக்குள்ள நீங்க எனக்கு வசதி பண்ணிக் குடுக்குறேன்னு வந்துட்டீங்க." பிறகு கேட்டார்: "கையெயுத்து யாரு போட்றது அந்த சான்றுல?"

"நான்தான்க்கா."

"ஓ," என்றார். போனை வைத்துவிட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டில் அப்பாவிடம் மட்டும் சொன்னேன். இதே எஸ்டேட்டில் லேத் மெஷினில் வேலை செய்கிறவர். கேட்டுவிட்டு, "ஒப்பந்தத்த நீட்டிக்கிறதா சொல்லிகினு இருந்தாங்களே," என்றார். அது கேள்வியா, கெஞ்சலா என்று தெரியவில்லை. என் தட்டில் இன்னொரு தோசையை வைத்தார்.

விழா அம்பத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில். காலையில் சுரேகா மேடம் என்னைப் பிடித்தார். "இன்னைக்கு மேடையில நீ தட்டு. தமிழரசு போட்டோவுக்கு சரியா வரமாட்டார். அதுவுமில்லாம, கையெழுத்துப் போடறவளே தட்டினா ஒரு கம்பீரம். சார் நேத்தே சொல்லிட்டார், உன் ஒப்பந்தம் நிரந்தரமா ஆகும்னு. பழசையெல்லாம் மறந்துட்டார். பெரிய மனசு." என் புடவை மடிப்பைச் சரி செய்தார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு வீட்டுக்கடன் இருந்தது.

மேடைக்குப் பின்னால் பெரிய கண் ஒன்றின் படத்தை மாட்டியிருந்தார்கள். முன் வரிசையில் ஷாகிதா அக்காவை உட்கார வைத்திருந்தார்கள். பயனாளிகளின் பிரதிநிதியாக அவருக்குப் பொன்னாடையும் ஒரு வெள்ளைக் கம்பும் தருவதாக ஏற்பாடு. "எங்கிட்டதான் ஒண்ணு கீதே," என்று அவர் சொன்னதை, மகிழ்ச்சியில் சொல்கிறார் என்று யாரோ எழுதிக்கொண்டார்கள்.

இயக்குநர் பேசினார். "என் வாழ்க்கையில் நான் அதிகம் பார்த்தது கண்ணைக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான்" என்றார். கைத்தட்டல். "பார்வையற்ற சகோதரி ஒருவரால் முடியாததை இப்போது உங்கள் முன் நான் செய்து காட்டுகிறேன்" என்றார். அதற்கும் கைத்தட்டல். தனக்காகத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்து அக்கா அரைகுறையாக எழுந்து, மறுபடி உட்கார்ந்தார்.

லேப்டாப்பில் என் டோக்கனைச் செருகி வைத்திருந்தார்கள். செய்முறை முடிந்ததும் நான் எண்ணைப் போட வேண்டும். பெரிய திரையில் சான்று, தமிழ்த்தாய் வாழ்த்துக்கு நிற்பது மாதிரி எல்லோரும் எழுந்து நிற்க, தோன்றும். அந்த நிமிடத்தோடு காகித விண்ணப்பம் முடியும்.

இயக்குநர் நாற்காலியில் அமர்ந்தார். வெல்வெட்டை நானே கட்டினேன். தங்க முத்திரை நடுவில் வரும்படி சரிசெய்தேன். அவர் மவுஸின் மேல் கையை வைத்து, தோள்களைத் தளர்த்தி, காத்திருந்தார். தளம் திறந்தது. அவர் குரலே மண்டபம் முழுக்க ஒலித்தது: "அன்பார்ந்த பயனாளிகளே..."

நான் குனிந்து லேப்டாப்பிலிருந்து டோக்கனைப் பிடுங்கினேன். அதை இன்றைக்கு முடிவு செய்யவில்லை. அன்று அப்பா வைத்த அந்தத் தோசையைச் சாப்பிட்டு முடித்தபோதே முடிவு செய்துவிட்டேன். இன்றைக்குச் செய்ய வேண்டியிருந்தது புடவை தடுக்காமல் படியிறங்குவது மட்டும்தான்.

சுரேகா மேடம் மேடையின் ஓரத்திலிருந்து தமிழரசு அண்ணனுக்கு ஜாடை காட்டினார். போய்த் தட்டு என்று. அண்ணன் இரண்டு கையிலும் பொன்னாடைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கை காலியா இல்ல மேடம்," என்று சத்தமில்லாமல் வாயை அசைத்தார். தட்டைக் கீழே வைக்க அவருக்கு இடம் நிறைய இருந்தது.

இயக்குநர் அசையவில்லை. சட்டையில் மைக் குத்தியிருந்ததால் ஏன் தட்டவில்லை என்று கேட்கவும் முடியவில்லை. வலது தோளைக் கொஞ்சம் பின்னால் நீட்டிக் காட்டினார். பிறகு இடது தோளை. மண்டபம் மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தது. அவர் ஆழ்ந்து உணர்கிறார் என்று நினைத்தார்கள்.

நான் படியிறங்கி முன் வரிசையில் அக்காவின் எதிரே நின்றேன். "அக்கா, வாங்க. காகிதம்தான். அது முடியல இன்னும், நான் கையெழுத்துப் போடல."

அவர் எழுந்தார். அவருக்குத் தரவிருந்த புதுக் கம்பு பக்கத்து நாற்காலியில் ரிப்பனோடு கிடந்தது. பழையதை எடுத்துக்கொண்டு என் முழங்கையைப் பிடித்தார். டோக்கன் என் கைக்குள் இருந்தது. பின்னால் வரவேற்புரை முடிந்து, பக்கம் தானாகப் புதுப்பித்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

வாசலுக்கு வெளியே வெயில் அடித்தது. லாரிச் சத்தம்.

"பூந்தமல்லி பஸ்ஸு எந்தப் பக்கம் மோகனா?" என்றார் அக்கா.

"வலது பக்கம்க்கா," என்று வாயால் சொன்னேன்.